நடுவில் ஒரு நிமிடம்: கல்முனைக் கரையில் மின்பிறப்பாக்கியும் யூ.பி.எஸ்ஸும்

மின்சாரம் நின்றபின் ஒரு டீசல் மின்பிறப்பாக்கி கிளம்பி, வேகம் பிடித்து, சுமையை ஏற்கப் பத்துச் செக்கனாவது ஆகும். பழைய எஞ்சினென்றால் அரை நிமிடமும் ஆகலாம். விளக்குக்கும் விசிறிக்கும் இந்த இடைவெளி பெரிய குறையல்ல. கணினி, ஆய்வுகூட இயந்திரம், தொலைத்தொடர்புக் கருவி ஆகியவற்றுக்கோ ஒரு செக்கனின் ஐம்பதில் ஒரு பங்கே அதிகம். அந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான் யூ.பி.எஸ் எனப்படும் தடையிலா மின்வழங்கி. அது பற்றரியில் தேக்கிய மின்சாரத்தைக் கண்ணிமைக்கும் முன்னே தரும். ஆனால் ஐந்து, பத்து நிமிடத்தில் ஓய்ந்துவிடும். உடனே வருவது நீடிக்காது, நீடிப்பது உடனே வராது. அதனால் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டினால் குறை தீரும் என்பது தெளிவாகவே தோன்றும். நடைமுறையில் அப்பூட்டே நெடுங்காலம் சிக்கலாக இருந்தது. தனித்தனியே நன்றாக ஓடும் இரண்டு கருவிகள் சேர்ந்தபோது ஒன்றையொன்று தடுமாற வைத்தன.

நற்பிட்டிமுனை, கல்முனை நகருக்கு மேற்கே, கிட்டங்கித் தாம்போதிக்குச் செல்லும் வீதியில் உள்ள ஊர். தமிழரும் முஸ்லிம்களும் வாழும் இவ்வூருக்குக் கிழக்கே கல்முனைக் கடற்கரையும் மேற்கே வயல்வெளியும் நீர்நிலைகளும் உள்ளன. மின்வலையமைப்பின் மையங்கள் மலைநாட்டிலும் மேற்குக் கரையிலும் இருக்க, இப்பகுதி அதன் கிழக்கு ஓரத்தில் அமைந்தது. வறட்சி, புயல், போர், கடற்கோள், எரிபொருள் தட்டுப்பாடு என மின்சாரத்தை நிறுத்தும் காரணங்கள் எல்லாவற்றையும் இக்கரை ஒரு தலைமுறைக்குள் கண்டது. மாற்று மின்சாரத்தின் வரலாற்றை இங்கிருந்து பார்த்தால், கோளாறு பெரும்பாலும் இரண்டு கருவிகளுக்கு இடையிலான மூட்டில்தான் இருந்தது என்பது புலப்படும்.

எஞ்சின் முதலில் வந்தது

இலங்கையில் மின்சாரம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொழும்பில் தொடங்கியது. கரையோர ஊர்களில் நெடுங்காலம் அரிக்கன் லாம்பும் பெற்றோமக்ஸும்தான் இரவைக் காத்தன. கம்பி வழி மின்சாரம் எட்டாத இடங்களுக்கு எஞ்சின் முன்னதாகவே வந்துவிட்டது. இங்கிலாந்தின் டேர்ஸ்லியில் 1930ஐ ஒட்டி உருவான லிஸ்டர் எஞ்சின் இலங்கையிலும் இந்தியாவிலும் நெல் ஆலைகளுக்கும் நீர் இறைப்புக்கும் பெயர்பெற்றது. அதன் ஆறு குதிரைவலு வகை நிமிடத்துக்கு 650 சுற்றுகளே சுழலும். கைப்பிடியால் சுற்றிக் கிளப்பலாம். இரு பக்கமும் கனத்த பறப்புச்சில்லுகள் இருந்ததால் சுமை சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் வேகம் சட்டென மாறாது. பகலில் ஆலையை ஓட்டும் பட்டியை இரவில் டைனமோவுக்கு மாற்றிப் பூட்டினால் விளக்கெரியும்.

இந்தக் காலத்து மின்சாரத்தின் தரத்தைப் பற்றி எவரும் கவலைப்படத் தேவையிருக்கவில்லை. குமிழ் சற்று மங்கினாலும் பிரகாசித்தாலும் அது குமிழ்தான். எஞ்சின் தளர்ந்தால் வெளிச்சம் குறையும், மீண்டால் வெளிச்சமும் மீளும். செக்கனுக்கு எத்தனை முறை மின்னோட்டம் திசைமாறுகிறது என்ற கணக்கு, அதாவது மீடிறன், 50இல் நிற்கிறதா 47இல் நிற்கிறதா என்று குமிழ் கேட்பதில்லை. எஞ்சினை நம்பகமானது என்று சொன்னபோது அது கிளம்பும், நிற்காது என்பதே பொருள். அந்தப் பொருள் போதாது என்று பின்னால் தெரியவந்தது.

மலையிலிருந்து வந்த மின்சாரம்

நீர்மின்சாரத்தால் இலங்கையை இயக்கலாம் என்று 1918இலேயே வாதிட்டவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. அவர் கண்ட லக்சபான திட்டம் 1950இல்தான் மின்சாரம் தந்தது. அம்பாறைப் பக்கத்தில் கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கி, சேனநாயக்க சமுத்திரத்தை உருவாக்கியது. அதன் அணைக்கட்டின் கீழ் உள்ள இங்கினியாகல மின்நிலையம் ஏறத்தாழ 11 மெகாவாற்றுத் திறன் கொண்டது. 1969 நவம்பர் 1ஆம் திகதி இலங்கை மின்சார சபை அமைந்தபின் வலையமைப்பு விரிந்தது. 1980களில் மகாவலியின் விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல நிலையங்கள் சேர்ந்தன.

வலையமைப்பு வந்த ஊரில் எஞ்சின் மறக்கப்படவில்லை, பின்கட்டுக்குப் போனது. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளி தென்னைகளோடு மின்கம்பங்களையும் சாய்த்தது. கம்பி எவ்வளவு எளிதில் அறும் என்பதை அந்த இரவு காட்டியது. பின்வந்த போர்க்காலம் அதே பாடத்தைப் பல ஆண்டுகளுக்கு நீட்டியது. 1990க்குப் பின் வலையமைப்பிலிருந்து அறுபட்ட யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள், மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டினார்கள். இலங்கைத் தமிழருக்கு மின்சாரம் என்பது வீட்டிலேயே உண்டாக்கிக்கொள்ளவும் வேண்டியிருந்த பொருள்.

பற்றரியின் தனிக்கிளை

எஞ்சினுக்குச் சமாந்தரமாகப் பற்றரி தன் வழியில் வளர்ந்தது. ஈய அமிலப் பற்றரியைப் பிரான்சின் காஸ்டன் பிளாண்டே 1859இல் உருவாக்கினார். தொலைபேசி நிலையங்கள் நெடுங்காலமாகவே 48 வோல்ற்றுப் பற்றரித் தொகுதியில் இயங்கின. மின்சாரம் பற்றரியை நிரப்பும், பற்றரி இணைப்பகத்தை இயக்கும். மின்சாரம் நின்றாலும் பேச்சு நிற்காது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் இதே முறையைப் பின்பற்றியது. பாங்கு சொல்லும் நேரத்துக்கு மின்வெட்டு காத்திருக்காது என்பதால், நேரோட்டத்திலும் இயங்கும் பெருக்கியோடு ஒரு வாகனப் பற்றரியைப் பொருத்தி வைப்பது பரவலான வழக்கமாயிற்று. இந்த இரண்டிலும் பற்றரி நேரோட்டத்தையே தந்தது. மீண்டும் ஆடலோட்டமாக மாற்றும் வேலை இல்லாததால் சிக்கலும் இல்லை.

ஆடலோட்டத்தையே இடையறாமல் தரும் கருவிக்கு அமெரிக்காவில் ஜோன் ஹான்லி 1934இல் காப்புரிமை பெற்றார். அடுத்த தலைமுறை அமைப்புகள் சுழலும் வகையின. மோட்டரும் மின்பிறப்பாக்கியும் ஒரே அச்சில் இருக்கும், நடுவே கனத்த பறப்புச்சில்லு இருக்கும். மின்சாரம் நின்றதும் சில்லின் வேகம் சில செக்கன்களைத் தாங்கும். அதற்குள் பக்கத்தில் நிற்கும் டீசல் எஞ்சின் அதே அச்சில் பிடித்துக்கொள்ளும். இவ்வமைப்பில் இரண்டு கருவிகளுக்கும் ஒரே அச்சு என்பதால் பிணக்கு எழ வழியில்லை. விலையும் எடையும்தான் தடை.

1957இல் தைரிஸ்டர் என்ற குறைகடத்தி ஆளி வந்ததும் நிலைமை மாறியது. சுழலும் உறுப்பு எதுவுமின்றி ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கிப் பற்றரியை நிரப்பி, மறுபடி ஆடலோட்டமாக்க முடிந்தது. யூ.பி.எஸ் இலேசானது, மலிவானது, கணினியோடு சேர்ந்து கடைகளுக்கும் காரியாலயங்களுக்கும் பரவியது. எஞ்சினும் பற்றரியும் பகிர்ந்துகொண்ட ஒற்றை அச்சு அப்போது மறைந்துபோனது. அவற்றுக்கு இடையில் எஞ்சியது ஒரு கம்பிதான்.

1996: இரண்டும் ஒரே அறையில்

1990களின் நடுப்பகுதி வரை இலங்கையின் மின்சாரம் பெரும்பாலும் நீரிலிருந்தே வந்தது. 1996இல் மழை பொய்த்தபோது நீர்த்தேக்கங்கள் வற்றி, நாள்தோறும் பல மணிநேர மின்வெட்டு நாடெங்கும் வந்தது. 2001, 2002இலும் அதே கதை. வங்கிகளும் மருத்துவமனைகளும் அச்சகங்களும் கணினிக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. கணினிக்கு யூ.பி.எஸ் ஏற்கெனவே இருந்தது. பல மணிநேர வெட்டுக்கு அது போதாமல் மின்பிறப்பாக்கி வாங்கப்பட்டது. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்கு, வெவ்வேறு கையால் தெரிந்தெடுக்கப்பட்ட இரண்டு கருவிகள் ஒரே இணைப்பில் சந்தித்தன.

சந்திப்பின் விளைவைச் சிறு கடைகளிலேயே காணலாம். மின்பிறப்பாக்கி ஓடும், குமிழ் எரியும், விசிறி சுற்றும். யூ.பி.எஸ் மட்டும் கூவிக்கொண்டே இருக்கும். வெளி மின்சாரத்தை ஒரு கணம் ஏற்கும், “டக்” என்ற ஓசையோடு விலக்கும், மீண்டும் ஏற்கும், மீண்டும் விலக்கும். கடைசியில் பற்றரி தீர்ந்து, மின்பிறப்பாக்கி பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கணினி அணையும். பார்ப்பவர் யூ.பி.எஸ் பழுதென்பார். யூ.பி.எஸ் விற்றவர் மின்பிறப்பாக்கி பழுதென்பார். இரண்டையும் தனித்தனியே சோதித்தால் இரண்டும் நன்றாகவே இருக்கும்.

பிணக்கின் காரணங்கள்

முதற்காரணம் மீடிறன். இலங்கையின் மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹெர்ட்ஸ். நான்கு துருவ மின்பிறப்பாக்கி நிமிடத்துக்கு 1,500 சுற்றுகள் சுழன்றால்தான் 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். சிறிய இரு துருவ வகை 3,000 சுற்றுகள் சுழல வேண்டும். பழைய எஞ்சினின் வேகத்தை ஆள்வது சுழலும் எடைகளாலும் சுருளாலும் ஆன கவர்னர். அதன் இயல்பு, சுமை ஏற ஏற வேகத்தைச் சற்று விட்டுக்கொடுப்பது. முழுச் சுமையில் 50 ஹெர்ட்ஸ் வரவேண்டுமென்றால் சுமையற்ற நிலையில் 52 வைக்க வேண்டும். யூ.பி.எஸ் தன் வெளியீட்டை உள்ளே வரும் அலையோடு ஒத்திசைக்கும்போது அரை ஹெர்ட்ஸ் விலகலுக்கு மேல் ஏற்காத வகையில் அமைக்கப்பட்டிருந்தால், அந்த 52ஐ மின்சாரமாகவே கணக்கெடுக்காது. யூ.பி.எஸ் ஏற்க மறுப்பதால் சுமை ஏறாது. சுமை ஏறாததால் வேகம் இறங்காது. இப்படி ஒன்று மற்றதற்காகக் காத்து நிற்கும்.

இரண்டாவது, வேக ஊசலாட்டம். யூ.பி.எஸ் சுமையை ஒரே வீச்சில் எஞ்சின்மேல் போட்டால் எஞ்சின் தளரும். மீடிறன் இறங்கியதும் யூ.பி.எஸ் விலகிப் பற்றரிக்குப் போகும். சுமை போனதும் எஞ்சின் துள்ளி வேகமெடுக்கும். எல்லாம் சீரானது என்று யூ.பி.எஸ் மீண்டும் ஏறும். நடைவேகம் ஒவ்வாத இரண்டு மாடுகளை ஒரே நுகத்தில் பூட்டியதுபோல், இந்த ஊசல் தானாக நிற்பதில்லை.

மூன்றாவது, அலையின் வடிவம். பழைய யூ.பி.எஸ்ஸின் முகப்பில் ஆறு தைரிஸ்டர்கள் கொண்ட சீராக்கி இருந்தது. அது மின்னோட்டத்தைச் சீராக இழுக்காமல் வெட்டி வெட்டி இழுக்கும். அதனால் 50 ஹெர்ட்ஸ் ஓட்டத்தோடு 250, 350 ஹெர்ட்ஸ் போன்ற மேலதிக அலைகளும் உண்டாகும். அடிப்படை ஓட்டத்தில் இவை ஏறத்தாழ 30 சதவீதம் இருக்கலாம். வீதியில் நிற்கும் பெரிய மின்மாற்றி இவற்றை எளிதில் விழுங்கும், ஏனெனில் அதன் உள்தடை நூற்றுக்கு ஐந்தளவே. மின்பிறப்பாக்கியின் உள்தடை அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. அதே ஓட்டம் இங்கே வோல்ற்றளவின் வடிவத்தையே குலைத்துவிடும். வோல்ற்றளவைச் சீராக வைக்க வேண்டிய சீர்செய்கருவி, குலைந்த அந்த அலையை அளந்தே தீர்மானம் எடுக்கிறது. தன் இயக்க மின்சாரத்தையும் அதே அலையிலிருந்து பெற்றால் அதன் தீர்மானம் இன்னும் தடுமாறும்.

நான்காவது சற்று மறைவான காரணம். மேலதிக அலைகளை வடிக்க யூ.பி.எஸ்ஸின் முகப்பில் கொள்ளளவிகள் சேர்க்கப்பட்டன. யூ.பி.எஸ் குறைந்த சுமையில் இருக்கும்போது இந்தக் கொள்ளளவிகளே மின்பிறப்பாக்கிக்கு முதன்மைச் சுமையாகத் தெரியும். கொள்ளளவியின் ஓட்டம் வோல்ற்றளவுக்கு முந்தி ஓடுவது. அது மின்பிறப்பாக்கியின் காந்தப்புலத்தை வெளியிலிருந்து வலுப்படுத்தும். புலத்தைக் குறைக்கச் சீர்செய்கருவி முயன்று, குறைப்பதற்கு எதுவும் மிச்சமில்லாத நிலையை அடைந்தபின் வோல்ற்றளவு கட்டுப்பாடின்றி ஏறும். அதிகச் சுமையால் அல்ல, சுமை போதாமையால் வரும் கோளாறு இது. நோய் தீர்க்கப் போட்ட மருந்து வேறொரு நோயைக் கொண்டுவந்த கதை.

இணக்கத்தின் வழிகள்

தொடக்கத்தில் கையாண்ட தீர்வு பருமனைக் கூட்டுவது. யூ.பி.எஸ்ஸின் அளவைப்போல் இரு மடங்கு மின்பிறப்பாக்கி போட்டால் உள்தடை ஒப்பளவில் குறையும், அலை குலைவதும் குறையும். செலவும் டீசலும் கூடும். எஞ்சின் முப்பது சதவீதத்துக்கும் குறைந்த சுமையில் நெடுநேரம் ஓடினால் எரியாத டீசல் புகைக்குழாயில் கறுப்புப் பிசினாகப் படியும் தொல்லையும் சேரும். பெரிதாக வாங்கினால் போதும் என்ற வழி இங்கே முட்டி நின்றது.

அடுத்து மின்பிறப்பாக்கி மாறியது. எடைக் கவர்னரின் இடத்தில் இலத்திரனியல் கவர்னர் வந்தது. சுமை எதுவாயினும் வேகத்தை 1,500இலேயே பிடித்து வைத்தது. வோல்ற்றளவுச் சீர்செய்கருவிக்கு அச்சின் முனையில் தனியே நிலைக்காந்த மின்பிறப்பாக்கி ஒன்று பொருத்தப்பட்டது. குலைந்த அலையை இனி அது நம்பியிருக்க வேண்டியதில்லை. மின்பிறப்பாக்கிகளின் தரத்தை வகுக்கும் ஐ.எஸ்.ஓ 8528 நியமம் விளக்குக்கு ஏற்றது, பொதுத் தேவைக்கு ஏற்றது, தொலைத்தொடர்பு, சீராக்கி போன்ற நுண்ணிய சுமைக்கு ஏற்றது என ஜி1, ஜி2, ஜி3 வகுப்புகளைப் பிரித்தது. நிலையான சுமையில் மீடிறன் அசையக்கூடிய அளவு முதல் வகுப்பில் 2.5 சதவீதம், மூன்றாம் வகுப்பில் 0.5 சதவீதம்.

யூ.பி.எஸ்ஸும் மாறியது. ஆறுக்குப் பதில் பன்னிரண்டு தைரிஸ்டர் கொண்ட சீராக்கி மேலதிக அலைகளை ஏறத்தாழ மூன்றில் ஒன்றாக்கியது. பின் ஐ.ஜி.பி.டி என்னும் வேக ஆளிகள் வந்து அதை ஐந்து சதவீதத்துக்கும் கீழே இறக்கின. சுமையை ஒரே வீச்சில் போடாமல் பத்து முதல் முப்பது செக்கனுக்குள் படிப்படியாக ஏற்றும் வசதி வந்தது. மின்பிறப்பாக்கி ஓடும்போது பற்றரியை நிரப்பும் ஓட்டத்தைக் குறைக்கும் கட்டளையும் சேர்ந்தது. குறைந்த சுமையில் வடிகட்டிக் கொள்ளளவிகளைத் தானே துண்டிக்கும் ஏற்பாடும் வந்தது.

இவை எல்லாம் சேர்ந்த ஓர் அமைப்பில் நிகழ்வு ஒழுங்கு இப்படி அமையும். மின்சாரம் நின்ற கணத்தில் யூ.பி.எஸ் பற்றரிக்குப் போகும். ஓரிரு செக்கன் பொறுத்தபின்தான் எஞ்சினுக்குக் கட்டளை போகும், ஏனெனில் கண்சிமிட்டிப் போகும் தடைக்கெல்லாம் எஞ்சினைக் கிளப்பக் கூடாது. பத்துச் செக்கனை ஒட்டி எஞ்சின் வேகம் பிடிக்க, தானியங்கி மாற்று ஆளி சுமையை அதன் பக்கம் திருப்பும். முதலில் விளக்கு, பின் குளிரூட்டி, அதன்பின் யூ.பி.எஸ் என வரிசை வைத்தால் எஞ்சின் தடுமாறாது. யூ.பி.எஸ் இன்னும் பத்துச் செக்கன் அலையைப் பார்த்துத் திருப்தியடைந்து, மெதுவாகச் சுமையை மாற்றும். மொத்தம் ஒரு நிமிடத்துக்குள் முடியும். திரும்பும் வழியில் அவசரமில்லை. வெளி மின்சாரம் சில நிமிடங்கள் சீராக நின்றபின் சுமை மாறும், எஞ்சின் வெறுமனே சில நிமிடம் ஓடிச் சூடு தணிந்து நிற்கும்.

அளவுக் கணக்கும் இதிலிருந்தே பிறக்கிறது. 9 கிலோவாற்றுச் சுமையைத் தாங்கும் யூ.பி.எஸ் ஒன்றின் திறன் 92 சதவீதமென்றால், அது உள்ளே இழுப்பது ஏறத்தாழ 9.8 கிலோவாற்று. தீர்ந்த பற்றரியை நிரப்ப இன்னும் 2 கிலோவாற்று வேண்டும். அறையைக் குளிரூட்டும் கருவி கிளம்பும்போது வழக்கமான ஓட்டத்தைப்போல் பல மடங்கு இழுக்கும். யூ.பி.எஸ்ஸின் பெயர்ப்பலகையில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து மின்பிறப்பாக்கி வாங்கியவர்கள் ஏமாந்தது இந்தக் கூட்டலில்தான்.

சிறு கடைக்கும் வீட்டுக்கும் இவ்வளவு ஏற்பாடு கட்டாது. அங்கே கைத்தொழில்நுட்பம் வேறு வழி கண்டது. கையடக்க மின்பிறப்பாக்கியில் முதலில் இரண்டு மூன்று இழைக் குமிழ்களைப் போட்டுச் சற்றுச் சுமை ஏற்றினால் வேகம் நிலைப்படும். அதன்பின் யூ.பி.எஸ்ஸைச் செருகினால் ஏற்றுக்கொள்ளும். யூ.பி.எஸ்ஸில் உணர்திறனைக் குறைக்கும் ஏற்பாடு இருந்தால் அதுவும் உதவும். பின்னாளில் வந்த இன்வெர்ட்டர் வகைக் கையடக்க மின்பிறப்பாக்கி, எஞ்சினின் வேகம் எப்படியிருந்தாலும் இலத்திரனியல் முறையில் 50 ஹெர்ட்ஸை உண்டாக்கி இத்தொல்லையை ஒழித்தது.

நொதுமலும் புவியும்

அலை ஒத்துப்போன பின்னும் கம்பிகளின் ஒழுங்கு எஞ்சியிருக்கும். இலங்கையின் வீட்டு இணைப்பில் நொதுமல் கம்பி மின்சார சபையின் மின்மாற்றியில் புவித்தொடுப்பாகியிருக்கும். வீட்டில் தனியாக ஒரு புவிக்கோல் இருக்கும். ஒழுக்கு ஏற்பட்டால் ட்ரிப் சுவிட்ச் விழும். மாற்று ஆளி நொதுமலையும் சேர்த்துத் துண்டித்தால், மின்பிறப்பாக்கியில் நொதுமலைப் புவியோடு இணைத்திருக்க வேண்டும். இணைக்காவிட்டால் ஒழுக்கு மின்னோட்டம் திரும்பிச் செல்ல வழியின்றி ட்ரிப் சுவிட்ச் விழாமலே இருக்கும். ஆபத்து நேரும், எச்சரிக்கை வராது. யூ.பி.எஸ்ஸுக்கும் நொதுமல் அந்தரத்தில் தொங்கினால் அளவைகள் குழம்பும்.

இதைவிடக் கொடியது மாற்று ஆளியே இல்லாமல் மின்பிறப்பாக்கியை வீட்டு மின்குதையில் செருகுவது. அந்த மின்சாரம் வீட்டை விட்டு வெளியேறி வீதி மின்மாற்றியைப் பின்புறமாக அடையும். 400 வோல்ற்றை அம்மின்மாற்றி 33,000 ஆக்கிக் கம்பியில் ஏற்றும். வெட்டு என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவரின் உயிர் அதில் இருக்கிறது. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் என்ற எளிய பெட்டி இரண்டு மின்சாரமும் ஒருபோதும் சந்திக்காதபடி பொறிமுறையிலேயே தடுக்கிறது.

கடலும் வெள்ளமும்

2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடற்கோள் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு எனக் கரை நெடுகத் தாக்கியது. கருவிகள் எங்கே நிற்கின்றன என்பது அவை எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதைப்போலவே முக்கியம் என்பதை அந்நாள் உணர்த்தியது. ஜப்பானின் ஃபுகுஷிமாவில் 2011 மார்ச் 11ஆம் திகதி நிலநடுக்கத்தில் வெளி மின்சாரம் அறுந்ததும் டீசல் மின்பிறப்பாக்கிகள் ஒழுங்காகக் கிளம்பின. ஏறத்தாழ ஐம்பது நிமிடத்தின் பின் வந்த கடல் அவற்றில் பெரும்பாலானவற்றை மூழ்கடித்தது, பற்றரி அறைகளிலும் புகுந்தது. 2012 ஒக்டோபரில் நியூயோர்க்கைச் சாண்டிப் புயல் தாக்கியபோது மருத்துவமனை ஒன்றின் மின்பிறப்பாக்கிகள் மேலே பத்திரமாக இருந்தும், டீசலை ஏற்றும் பம்பிகள் நிலவறையில் நீருக்குள் போயின. 2015 டிசெம்பர் சென்னை வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் இருந்த மருத்துவமனையொன்றின் மின்பிறப்பாக்கியும் நீரில் சிக்கியது.

வடகீழ்ப் பருவமழையில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் நீர் பாயும் காட்சி நற்பிட்டிமுனைக்குப் புதிதல்ல. இங்கே மின்பிறப்பாக்கியை மட்டும் மேடையில் ஏற்றினால் போதாது. எரிபொருள் தாங்கி, அதன் பம்பி, மாற்று ஆளிப் பெட்டி, யூ.பி.எஸ்ஸின் பற்றரித் தட்டு ஆகிய எல்லாவற்றையும் ஒரே நீர்மட்டத்துக்கு மேல் வைக்க வேண்டும். சங்கிலியில் மிகத் தாழ்வான கண்ணிதான் மூழ்கும். கடற்காற்றின் உப்பு இணைப்பு முனைகளையும் கதிர்வீசியின் தகடுகளையும் அரிக்கும். வெப்பம் பற்றரியைத் தின்னும். ஈய அமிலப் பற்றரியின் ஆயுள் 25 பாகை வெப்பத்துக்குக் கணிக்கப்படுகிறது. அதற்கு மேல் பத்துப் பாகை ஏறினால் ஆயுள் பாதியாகும். மின்பிறப்பாக்கி அறைக்குள்ளேயே பற்றரியை வைக்கும் சிக்கனம் இக்கரையில் விலையுயர்ந்த சிக்கனம்.

2016 முதல் 2025 வரை

நுரைச்சோலையில் 2011இல் தொடங்கி 2014இல் 900 மெகாவாற்றாக நிறைவடைந்த நிலக்கரி மின்நிலையம் வறட்சி வெட்டுக்கு முடிவு என்று கருதப்பட்டது. அதனோடு வேறு வகைத் தடை வந்தது. 2016 மார்ச் 13, 2020 ஓகஸ்ட் 17, 2021 டிசெம்பர் 3, 2023 டிசெம்பர் 9, 2025 பெப்ரவரி 9 ஆகிய நாட்களில் நாடு முழுவதும் ஒரே வீச்சில் இருண்டது. கடைசியாகச் சொன்னது பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று கம்பியில் பட்டதால் தொடங்கியது. அறிவித்து வரும் வெட்டுக்கு ஆள் எஞ்சினைக் கிளப்பிக் காத்திருக்கலாம். அறிவிப்பில்லாமல் வருவதற்குத் தானியங்கி ஏற்பாடு வேண்டும். ஓர் உபமின்நிலையத்தின் தடுமாற்றம் வலையமைப்பு முழுவதையும் வீழ்த்தக்கூடும் என்பதால், யூ.பி.எஸ்ஸுக்குப் பின்னால் நிற்கும் எஞ்சின் ஆடம்பரம் என்ற எண்ணம் மறைந்தது.

2022 வேறொரு மூட்டைக் காட்டியது. அந்நியச் செலாவணி இன்றி எரிபொருள் கப்பல்கள் வராதபோது, மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணிநேரம் வரை நீண்டது. மின்பிறப்பாக்கிகளுக்கு வேலை மிகுந்த அதே நேரத்தில் டீசலும் இல்லை. 2021 டிசெம்பரில் லீற்றர் 121 ரூபாயாக இருந்த ஒட்டோ டீசல் 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாயாயிற்று. ஜூலையில் கியூ.ஆர் குறியீட்டுடன் பங்கீடு வந்தது. மின்நிலையத்தை நிறுத்திய காரணமே மின்பிறப்பாக்கியையும் நிறுத்தியது. புயலில் கம்பி அறுந்தால் எஞ்சின் காக்கும். எரிபொருள் அறுந்தால் எஞ்சினும் வலையமைப்பும் சேர்ந்தே வீழும். தாங்கியில் எத்தனை மணிநேர டீசல் இருக்கிறது என்பதும் யூ.பி.எஸ்ஸின் பற்றரிக் கணக்கைப்போல் ஒரு கணக்கானது.

கூரைச் சூரியக்கலங்கள் இந்த இடத்தில் நுழைந்தன. 2016இல் அரசு தொடங்கிய கூரைச் சூரியமின் திட்டத்தின்கீழ் பொருத்தப்பட்டவை பெரும்பாலும் வலையமைப்போடு பிணைந்தவை. மின்சாரம் நின்றால் அவையும் நிற்கும், ஏனெனில் இருண்ட கம்பிக்குள் மின்சாரம் அனுப்பக் கூடாது என்பது விதி. மின்பிறப்பாக்கி கிளம்பி 50 ஹெர்ட்ஸைக் காட்டினால், சூரிய இன்வெர்ட்டர் அதை வலையமைப்பென்று எண்ணி மின்சாரத்தைக் கொட்டத் தொடங்கலாம். நண்பகலில் சுமை குறைவாயின் அந்த மின்சாரம் எஞ்சினையே பின்னோக்கித் தள்ளும். சூரியக்கலம், லித்தியம் பற்றரி, மின்பிறப்பாக்கி மூன்றையும் ஒரே கட்டுப்பாட்டில் வைக்கும் கலப்பு இன்வெர்ட்டர்கள் இதற்கு விடையாக வந்தன. பற்றரி பெரிதானால் எஞ்சின் பகலெல்லாம் ஓட வேண்டியதில்லை. இரவின் பின்பகுதியில் சில மணிநேரம் நிறைசுமையில் ஓடி நிரப்பினால் போதும். பத்துச் செக்கனுக்காகப் பிறந்த பற்றரி இங்கே நாளின் பெரும்பகுதியைத் தாங்குகிறது, எஞ்சின் அதற்கு உதவியாளாக நிற்கிறது.

சோதித்துப் பார்த்தல்

கிளம்ப வேண்டிய நேரத்தில் மின்பிறப்பாக்கி கிளம்பாமைக்கு முதன்மைக் காரணங்களில் ஒன்று அதன் சொந்தத் தொடக்கப் பற்றரி செத்திருப்பது. யூ.பி.எஸ் கைவிடுவதற்கும் பெரும்பாலும் பற்றரியே காரணம். வாரம் ஒரு முறை எஞ்சினை வெறுமனே ஓட்டி நிறுத்தும் வழக்கம் எஞ்சின் ஓடும் என்பதை மட்டுமே காட்டும். மாற்று ஆளி திரும்புமா, யூ.பி.எஸ் அந்த அலையை ஏற்குமா, பற்றரி அந்த ஒரு நிமிடத்தைத் தாங்குமா என்பவை அதில் தெரியா. முழுச் சோதனை என்பது பிரதான ஆளியை வேண்டுமென்றே இறக்கி, உண்மையான சுமையோடு அரை மணிநேரமாவது ஓட்டி, மீண்டும் வெளி மின்சாரத்துக்குத் திரும்பும்வரை கவனிப்பது. மாதம் ஒரு முறை இது நடக்க வேண்டும். தாங்கியின் அடியில் தேங்கும் நீரை வடிப்பதும், பழைய டீசலைச் சுழற்சியில் தீர்த்துப் புதிது நிரப்புவதும், ஒவ்வொரு பற்றரியின் வோல்ற்றளவையும் குறித்து வைப்பதும் அதனோடு சேரும் வேலைகள். சோதனையின்போது யூ.பி.எஸ் ஒரு முறைக்கு மேல் “டக்” என்று விலகி ஏறினால், கருவிகள் இரண்டும் நலமாயிருந்தும் மூட்டு நலமாயில்லை என்று பொருள்.